கழிவுநீரில் கரன்ட் எடுக்கலாம் என்று யாராவது வந்தால்

கழிவுநீரைச் சுத்தம் செய்துகொண்டே கரன்டும் எடுக்கலாம் என்ற பேச்சு ஆலைகளில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. ஈடிபி, அதாவது ஆலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய வடிவமைப்பில் இருப்பவன் என்ற முறையில், முதலீடு செய்யுமுன் இதைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அறிவியலில் குறையில்லை. ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் கரிமக் கழிவைத் தின்று, எலக்ட்ரான்களை உடலுக்கு வெளியே தள்ளும். காற்றில்லாத தொட்டியில் கார்பன் நார் பிரஷ்ஷை ஆனோடாக (எலக்ட்ரானை வாங்கும் மின்முனையாக) வைத்தால், அதன்மேல் படலமாக வளர்ந்து அதற்கே எலக்ட்ரானைக் கொடுக்கும். நன்றாகப் பிடித்த ஜியோபாக்டர் படலம் செம்மை கலந்து வழவழப்பாக இருக்கும். அங்கிருந்து கம்பி வழியாக மறுபக்க மின்முனையான கேதோடுக்கு எலக்ட்ரான் போவதுதான் கரன்ட். இந்த அமைப்புக்கு நுண்ணுயிர் எரிபொருள் செல் என்று பெயர். நுண்ணுயிர்களிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று இங்கிலாந்தில் பாட்டர் 1911லேயே காட்டிவிட்டார்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? கழிவுநீரில் உள்ள கரிமக் கழிவை, அதை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனைக் கொண்டு அளப்பதுதான் சிஓடி. 1 கிலோ சிஓடி முழுவதும் எலக்ட்ரானாக வந்தாலும் சுமார் 3,350 ஆம்பியர்-மணிதான். செல் ஓடும்போது கிடைக்கும் வோல்டேஜ் 0.3 என்று வைத்துப் பெருக்கினால் 1 யூனிட். நடைமுறையில் அதிலும் ஒரு பகுதிதான் தேறும். ஆகவே கரன்டை நம்பி இதை வாங்காதீர்கள். கேதோடு காற்றிலிருந்து தானே ஆக்சிஜன் எடுக்கும் வகையென்றால் தொட்டிக்குள் காற்றூதும் ப்ளோயர் செலவு மிச்சம், ஸ்லட்ஜும் (கழிவுச் சேறு) குறைவு. உண்மையான லாபம் அங்கேதான் இருக்கிறது.

கலிபோர்னியாவின் நாபா பகுதியில், ஒயின் ஆலைக் கழிவுநீரில் 1,000 லிட்டர் அளவுக்கு ஒரு சோதனை நடந்தது. முடிவு 2011ல் வெளியானது. இது வெளியிலிருந்து சிறிது மின்சாரம் கொடுத்து ஹைட்ரஜன் எடுக்கும் வகை. ஆனால் வந்த வாயுவில் மீத்தேன்தான் சுமார் 86 சதவீதம் இருந்தது. உண்டான ஹைட்ரஜனை மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அங்கேயே தின்றுவிட்டன. கரைந்த சிஓடியில் 62 சதவீதம் நீங்கியது. மீதிக்கு வேறு கட்டம் வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் போல மாவுச்சத்து அடர்ந்த நீருக்கு, முதல் கட்டமாக பயோகேஸ் டைஜெஸ்டரே போதும், மலிவும்கூட. அதற்கு அப்புறம் மிஞ்சும் நீர்த்த சிஓடிக்கு இந்த முறையை யோசிக்கலாம். சாயப்பட்டறைக் கழிவில் சில சாயங்களை இது உடைக்கும், நிறம் குறையும். ஆனால் சாதாரண வடிவமைப்பில் உப்பு அப்படியே நிற்கும். உப்பைப் பிரிக்கும் ஆர்ஓவும், நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் தேவையில்லை என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் ஆலை நீரிலேயே சில மாதம் சிறு ரியாக்டர் ஒன்றை ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். முடிவில் கேதோடைக் கழற்றிப் பாருங்கள். கடின நீர் என்றால் சுண்ணாம்பு வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். அது சேரச் சேரக் கரன்டும் சுத்திகரிப்பும் இரண்டும் இறங்கும். அதைக் கழுவ எத்தனை நாளுக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும், ஆசிட் எவ்வளவு, கேதோடை எப்போது மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.