கோவிட் தொற்றோடு வரும் பக்கவாதம்: உயிருக்கு ஆபத்தைக் கூட்டுபவை எவை?

2020 ஏப்ரலில், நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனை மருத்துவர்கள், கோவிட் தொற்றுக்குள்ளான, ஐம்பது வயதைத் தாண்டாத ஐந்து பேருக்கு இரண்டே வாரங்களில் மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டுப் பக்கவாதம் வந்ததாக அறிவித்தார்கள். அதுவரை நுரையீரலையே பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ உலகின் கவனம் மூளையின் பக்கமும் திரும்பியது. ஆனால் இளவயதினரைப் பற்றிய செய்திகளே பரவியதால், உண்மையில் யார் அதிகம் இறக்கிறார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

அதே ஆண்டில் 16 நாடுகளிலிருந்து திரட்டப்பட்ட பதிவேடு ஒன்றில், தொற்றோடு ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்த 174 பேரில் 48 பேர் இறந்தார்கள். அந்த 174 பேரின் வயதுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது 71. இறப்புகளில் 26 பக்கவாதத்தாலும் 22 கோவிட் தொற்றாலும் நேர்ந்தவை என்று பதிவாகியிருந்தது. இந்தப் பிரிவினையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில் இந்த நோயாளிகளிடம் இரண்டு நோய்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன, ஒன்றைக் கவனித்து மற்றதை விட்டுவிட்டால் விட்டதே உயிரைப் பறிக்கக்கூடும்.

முதுமையும், பக்கவாதத்தின் தொடக்கத் தீவிரமும் எந்தப் பக்கவாதத்திலும் ஆபத்தானவைதான். கோவிட்டில் அவற்றோடு நுரையீரல் பாதிப்பு சேர்கிறது. அடைபட்ட குழாயைச் சுற்றியுள்ள, இன்னும் சாகாத மூளைத் திசு, பக்கத்துக் குழாய்களின் வழியே வரும் சொற்ப ரத்தத்தை நம்பியே தாக்குப்பிடிக்கிறது. அந்த ரத்தத்திலும் ஆக்சிஜன் குறைந்துவிட்டால் காப்பாற்றக்கூடிய பகுதியும் கைவிட்டுப் போகிறது. செயற்கைச் சுவாசம் தேவைப்படும் அளவுக்கு நிமோனியா முற்றியவர்களிடம் இறப்பு அதிகமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆபத்தைக் கூட்டும் சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் நம் ஊரில் அதிகம் காணப்படுபவை. கோவிட்டுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு தேவையான இடத்தில் உயிர்காக்கும் மருந்து. ஆனால் அது சர்க்கரையை ஏற்றிவிடும், ஏறிய சர்க்கரை பாதிக்கப்பட்ட மூளைக்கு மேலும் கேடு செய்யும். எனவே சர்க்கரை அளவை நாள்தோறும் பலமுறை பார்த்து இன்சுலினைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர், உடலின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., இருவகை வெள்ளணுக்களை ஒப்பிடும் நியூட்ரோபில்–லிம்போசைட் விகிதம் ஆகியவை உயர்ந்திருப்பதும் மோசமான விளைவோடு தொடர்புடையது. டி-டைமர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைத் தாங்களாகவே கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்களையும் பார்த்திருக்கிறோம். அந்த எண் ஒன்றை மட்டும் வைத்து மருந்தைத் தீர்மானிக்க முடியாது. தேவையற்ற இடத்தில் அதே மருந்து மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம், அது அடைப்பைவிட ஆபத்தானது.

என் அனுபவத்தில் மிகக் கவலைக்குரியது, வேறு காரணத்துக்காக ஏற்கெனவே வார்டில் இருப்பவருக்கு வரும் பக்கவாதம். வென்டிலேட்டரில், மயக்க மருந்தின் பிடியில் இருப்பவருக்குக் கை விழுந்தது எப்போது என்று யாருக்கும் தெரிவதில்லை. மருந்தைக் குறைத்த பிறகும் அவர் எழாதபோதுதான் சிடி ஸ்கேன் எடுக்கும் எண்ணமே வருகிறது. நினைவோடு இருக்கும் நோயாளியிடமும், பேச்சுக் குழறலைக் காய்ச்சல் சோர்வு என்று தள்ளிவிடுவது எளிது. தொற்றுக் காலத்தில், காணொலி அழைப்பில் வாய் கோணியிருப்பதைக் கவனித்து வீட்டாரே செவிலியரிடம் சொன்னது உண்டு.

அடைப்பைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடப்படுவது. கருவி வழியே ரத்தக்கட்டியை அகற்றுவது, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை பயன்தரும். கோவிட் இருப்பது இவ்விரண்டுக்குமே தடையல்ல. ஆகவே தொற்று உறுதியானவருக்கு முகம் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, தனிமையில் வைத்துப் பார்க்கலாம் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்; தொற்று இருப்பதை மறைக்காமல் சொல்லி, அவர் கடைசியாக இயல்பாக இருந்த நேரத்தையும், உட்கொண்டு வரும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளின் பெயரையும் குறித்துக் கொண்டுவாருங்கள்.