பிளஸ் ஒன்னிலேயே பென்சிலும் வெர்னியரும் பழகட்டும்

பொறியியல் படிக்கப் போகிற பிள்ளை இருக்கிற வீட்டில் பேச்சு முழுக்க கட்-ஆஃப் பற்றித்தான். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200க்கு எவ்வளவு வரும்? தமிழ்நாட்டில் 2007இல் நுழைவுத் தேர்வு போய் இந்த முறை வந்தது. கோச்சிங் போக வழியில்லாத கிராமத்துப் பிள்ளைகள் பலர் அதனால்தான் பி.இ. வாசலை மிதித்தார்கள், அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒரு பொருளை வெர்னியர் போன்ற நுட்ப அளவுகருவியால் அளந்து, அதைத் தாளில் வரைந்து, வேறு ஒருவர் அதைப் பார்த்துச் செய்ய முடியுமா என்று அந்த 200இல் யாரும் கேட்பதில்லை. கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆண்டிலேயே அந்தக் கேள்வி வந்துவிடும்.

கோவையில் பம்ப் செட் தயாரிக்கும் நிறுவனங்களில் டிசைன் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது முதலாண்டு மாணவர்களுக்கு எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ், அதாவது பொறியியல் வரைபடம், எடுக்கிறேன். கணக்கில் சென்டம் வாங்கிய பிள்ளைகூட, "நிற்கும் கூம்பைச் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் எப்படி இருக்கும்?" என்ற இடத்தில் திகைத்து நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பலருக்கு முதல் அரியர் விழுவதே இந்தப் பாடத்தில்தான். அவர்களுக்கு அறிவு குறைவு என்று நினைக்காதீர்கள். எட்டாம் வகுப்போடு ஓவிய வகுப்பு நின்றுபோயிருக்கும். அந்தப் பீரியடை வேறு பாட ஆசிரியர் எடுத்துக்கொண்டிருப்பார். கண் பழகவே இல்லை, அவ்வளவுதான். ஒரு கேரட்டை எடுத்து நேராக ஒரு வெட்டு, சாய்வாக ஒரு வெட்டு வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நேராக வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம். வெட்டின துண்டைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்தால், பாடப்புத்தகத்தில் சமன்பாடாக மட்டும் பார்த்த நீள்வட்டம் கைக்கு வந்துவிடும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பு பொறியியல் வரைபடத்துக்கென்று எஸ்.பி. 46 என்ற கையேட்டை வெளியிட்டிருக்கிறது. அதன் தலைப்பிலேயே பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் என்றுதான் போட்டிருக்கிறார்கள். சி.பி.எஸ்.இ.யில் 11, 12ஆம் வகுப்புகளுக்கு எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ் விருப்பப் பாடமாகவே இருக்கிறது. நடத்துகிற பள்ளிகள்தான் குறைவு. எனவே இது பள்ளிப் பிள்ளைகளுக்கு மிஞ்சின விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்தால் விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. என்னைக் கேட்டால், பொறியியலுக்கு அதைவிட நல்ல பாடநூல் இல்லை. முன் பல்சக்கரத்தில் எத்தனை பற்கள், பின்னே எத்தனை பற்கள் என்று முதலில் எண்ணச் சொல்லுங்கள். முன்னே 44, பின்னே 18 என்று வைத்துக்கொண்டால், மிதி ஒரு சுற்று வரும்போது பின் சக்கரம் ஏறக்குறைய 2.44 சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவை டேப்பால் அளந்து இதோடு பெருக்கினால், ஒரு மிதிக்கு எவ்வளவு தூரம் போகிறோம் என்று தெரிந்துவிடும். அப்புறம் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு ஓட்டிப் பார்த்து, கணக்கும் தூரமும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கலாம். ஒத்துப்போகாவிட்டால் இன்னும் நல்லது. டயரில் காற்று குறைவா, அளந்ததில் தவறா என்று தேடுகிற வேலைதான் எங்கள் தொழிலில் பாதி.

அடுத்து பெடல். வலது பெடலைக் கழற்ற ஸ்பேனரை வழக்கம்போல இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இடது பெடலுக்கு அப்படியே தலைகீழ். அதில் இடதுமரை வெட்டியிருப்பார்கள். சைக்கிள் கடைக்காரருக்கு இது கைப்பழக்கம். ஏன் அப்படி என்று மாணவரைக் கேளுங்கள், உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். ஒரு பென்சிலை உள்ளங்கைக்குள் லேசாகப் பிடித்து, வெளியே நீட்டிய முனையை மறுகையால் வட்டமாகச் சுற்றச் சொல்லுங்கள். பென்சில் எதிர்த்திசையில் மெல்ல உருளும். மிதிக்கும்போது பெடல் தண்டுக்கும் இதுவே நடக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மரை இருந்தால், ஓட்ட ஓட்ட இடது பெடல் தானாகவே கழன்றுவிடும். இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிடும்: ஒரு பொருள் இப்படி இருப்பதற்குப் பின்னால் யாரோ எடுத்த முடிவு இருக்கிறது.

பிளஸ் ஒன் இயற்பியல் செய்முறையில் சட்டத்தின் நடுவே எடை தொங்கவிட்டு, அது எவ்வளவு வளைகிறது என்று நுண்ணோக்கியால் பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. பெரும்பாலும் ரெக்கார்டு நோட்டில் எழுதுவதோடு முடிந்துபோகிறது. அதன் சூத்திரத்தில் தடிமனுக்கு மும்மடி இருப்பதை நிறுத்திக் காட்ட வேண்டும். 25 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள மர ஸ்கேலை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே படுக்கவைத்து விரலால் அழுத்தினால் வளையும். அதையே விளிம்பில் நிறுத்தி அழுத்துங்கள், அசையாது. கணக்குப் போட்டால் விறைப்பு சுமார் 70 மடங்கு கூடியிருக்கும். வீட்டு உத்தரம் ஏன் அகலத்தைவிட உயரம் கூடுதலாக இருக்கிறது என்பது இங்கே புரியும்.

ஒரு பள்ளியில் மாணவர்களிடம், சைக்கிள் கேரியரில் பை நழுவி விழுவதைத் தடுக்க ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டிருந்தோம். பெரும்பாலோர் நேராகச் செல்போனில் படம் தேடினார்கள். ஒரு மாணவி மட்டும் தோழிகளின் பைகளை வாங்கி எடை பார்த்தாள், அகலம் அளந்தாள், பை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஓட்டிக் காட்டச் சொன்னாள். அட்டைப்பெட்டியை வெட்டி முதல் மாதிரி செய்தாள், வேகத்தடையில் கிழிந்துபோனது. எந்த மடிப்பில் கிழிந்ததோ அங்கே மட்டும் இரண்டாவது அட்டை ஒட்டி மறுபடியும் ஓட்டினாள். அவள் வரைந்த படம் சுத்தமாக இல்லை, ஆனால் எல்லா அளவும் அதில் இருந்தது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது நாங்கள் தேடுவது இந்தப் பழக்கத்தைத்தான்.

அதனால்தான் ரோபோட்டிக்ஸ் கிட் வகுப்புகளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுவதற்கு முன் யோசியுங்கள் என்கிறேன். படிப்படியாகச் சொன்னபடி மாட்டினால் ஓடுகிற வண்டி டிசைன் ஆகாது. உங்கள் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பிள்ளைகள் கருவிகளை வைத்துத் தாங்களே பொருள் செய்து பார்க்கிற அறை அது; மத்திய அரசின் நிதி ஆயோக் கொண்டுவந்த திட்டம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையிலான மாணவர்களுக்கானது. அந்த அறையைப் பூட்டி வைத்திருந்தால் திறக்கச் சொல்லிக் கேட்பது பெற்றோரின் உரிமை. கணினியில் வரைய ஃப்ரீகேட், டிங்கர்கேட் இரண்டுமே இலவசம். ஆனால் முன்னிருந்து, மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து என மூன்று தோற்றமும் பென்சிலால் வரையப் பழகின பிறகு மவுஸைத் தொடட்டும்.

குரூப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வணிகவியல் எடுத்துவிட்டால் டிசைன் கதவு மூடிவிட்டது என்று நினைப்பது தவறு. டிசைன் பட்டப்படிப்புக்காக ஐ.ஐ.டி. பாம்பே நடத்தும் யூசீட் நுழைவுத் தேர்வை எந்தக் குரூப் மாணவரும் எழுதலாம். கையால் வரையும் பகுதியும் அதில் உண்டு. அகமதாபாத் தேசிய டிசைன் நிறுவனத்துக்கும் (என்.ஐ.டி.), தரமணியில் வளாகம் உள்ள ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனமான நிஃப்ட்டுக்கும் தனித்தனித் தேர்வுகள். கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க். என்றால் நாட்டா தேர்வு. தொழிற்கல்விப் பிரிவில் அடிப்படை இயந்திரவியல் போன்ற பாடம் படித்தவர்களுக்கு பி.இ. கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகிற வழியும் உண்டு. விதிமுறைகள் மாறக்கூடும், அந்தந்த ஆண்டு அறிவிக்கையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பழைய குக்கர் கைப்பிடி, கடிகாரம், பூட்டு, தையல் மிஷின் என்று பிள்ளை எதையாவது கழற்றினால் திட்டாதீர்கள். கழற்றின வரிசையில் படம் வரைந்து வைக்கச் சொல்லுங்கள், திரும்ப மாட்டும்போது உதவும். மைக்ரோவேவ் அவன், பழைய பெட்டி டி.வி., இன்வெர்ட்டர் ஆகியவற்றை மட்டும் தொடவே விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மைக்ரோவேவின் கெப்பாசிட்டரிலும் டி.வி.யின் படக்குழாயிலும் ஆளைக் கொல்லுகிற அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கும். இன்வெர்ட்டரில் பேட்டரி எப்போதும் உயிரோடு இருக்கும்.