செய்குன்றைக் குன்று ஆக்காதீர்கள்

‘1066-இல் படையெடுத்து வந்த நார்மானியர் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் குன்றுக்கோட்டை கட்டினார்கள்’ என்ற வரியை இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகப் படித்துவிட்டேன். ஊருக்கு ஊர் குன்றுக்கு எங்கே போனார்கள் என்று மொழிபெயர்த்தவருக்குத் தோன்றவே இல்லை. யார்க் நகரம் இருப்பது சமவெளியில். 1068, 1069 ஆகிய அடுத்தடுத்த ஆண்டுகளில் அங்கே இரண்டு கோட்டைகள் எழுந்தன. இரண்டுக்கும் அடியில் உள்ள மேடு ஆட்கள் அள்ளிக் கொட்டிய மண்.

மூலச் சொல் ‘மாட்’. பழைய பிரெஞ்சில் மண்கட்டி, மண்மேடு என்று பொருள். அதே சொல்தான் ஆங்கிலத்தில் ‘மோட்’ ஆகி அகழியைக் குறிக்கிறது. அகழியில் தோண்டிய மண்தானே மேடாகிறது. பெயரும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கிவிட்டது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘அகழியின் உச்சியில் மரக்கோபுரம் நின்றது’ என்று எழுதியவரும் உண்டு. அவரை மன்னிக்கலாம், ஒரு கொம்புதான் வித்தியாசம்.

குன்றுக்கோட்டைக்காரரை மன்னிக்க முடியவில்லை. குன்று என்றால் இயற்கையாக நிற்பது. குன்றுக்கோட்டை என்றதும் நம்மவர் மனத்தில் செஞ்சிதான் எழும். அங்கே ராஜகிரியை எவரும் கூடை சுமந்து எழுப்பவில்லை. மாட் கோட்டையின் சிறப்போ மேட்டையே கட்டியதுதான். அந்தப் படையெடுப்பைச் சித்திரிக்கும், பிரான்சின் பேயோ நகரத்துக்குரிய ஏறத்தாழ 70 மீட்டர் நீளத் துணியில் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் மேடு எழும் காட்சியைப் பாருங்கள். (அதை ‘நெய்த ஓவியம்’ என்று எழுதுவது இன்னொரு கொடுமை, அது ஊசியும் கம்பளி நூலும் கொண்டு செய்த பூந்தையல்.) மண்வெட்டியோடு ஆட்கள் நிற்கிறார்கள், மேடு பட்டை பட்டையாகப் பல நிறங்களில் இருக்கிறது, இருவர் வேலையை விட்டுவிட்டு மண்வெட்டியாலேயே அடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சண்டைக்கும் குன்றுக்கும் என்ன உறவு?

இயற்கை மேட்டையும் கட்டிய மேட்டையும் பிரித்தறிவது ஆய்வாளருக்கே பெரிய வேலை. வட இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பனியாறுகள் விட்டுப்போன ‘டிரம்லின்’ மேடுகள் ஏராளம். அவை கவிழ்த்த அகப்பை போல நீள்வட்டமாக, பனி வந்த பக்கம் மொண்ணையாகவும் போன பக்கம் ஒடுங்கியும், மந்தை மந்தையாக ஒரே திசை பார்த்துக் கிடக்கும். கோட்டை மேடு பெரும்பாலும் தனித்து நிற்கும். தலை தட்டை, சரிவு செங்குத்து, அடியில் சுற்றிப் பள்ளம், பக்கத்தில் ‘பெய்லி’ என்னும் அடைப்பு முற்றம். ஐயம் தீரத் துளையிட்டுப் பார்க்க வேண்டும். கொட்டிய மண் அடுக்கடுக்காக வந்து, அதன் கீழே பழைய தரையின் புல்மண் புதைந்து கிடந்தால் அது மனிதர் கைவேலை.

சிலர் ‘மண்கோட்டை’ என்கிறார்கள். தமிழில் மண்கோட்டை என்றால் மண்சுவர் வைத்த கோட்டை. மேட்டுக்கு அதில் இடமே இல்லை. ‘மண்வேலைக் கோட்டை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைத்தால் இப்படித்தான் கொத்தனார் கூலிச்சீட்டு மாதிரி வரும். வெறும் ‘மேடு’ என்றால் மக்கள் வாழ்ந்து வாழ்ந்து உயர்ந்த தொல்லியல் மேடுகளோடு கலந்துவிடும். ‘மாட்’ என்றே எழுதிவிடலாமே என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் வேற்றுமை உருபு சேர்ந்தால் ‘மாட்டின் மேல் கோபுரம்’ ஆகிவிடும். நம் ஊரில் படிப்பவர் சிரிப்பார்.

நம்மிடம் ‘செய்குன்று’ இருக்கிறது. அரசர்கள் சோலைகளில் விளையாட்டுக்காக எழுப்பிய குன்றுக்குப் பழைய இலக்கியம் வைத்த பெயர். செய்தது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. செய்தவர் யார், எப்போது என்று அது சொல்வதில்லை. அந்த அடக்கம் இங்கே மிகவும் தேவை. தென் இங்கிலாந்தின் மார்ல்பரோவில் 19 மீட்டர் உயர மேடு ஒன்றை நார்மானியர் கட்டியதாகவே நெடுங்காலம் பலர் நம்பினார்கள். துளையிட்டு எடுத்த கரித்துண்டுகளைச் சோதித்தபோது அது கி.மு. 2400 அளவில் எழுந்தது என்று 2011-இல் தெரிந்தது. நார்மானியர் அதன் மேல் கோட்டையை ஏற்றி வைத்ததோடு சரி. யார்க்‌ஷயரின் ஸ்கிப்சீ மேடும் அப்படியே இரும்புக்காலத்துக்குப் போய்விட்டது. ‘நார்மானிய மேடு’ என்று எழுதிய புத்தகங்கள் எல்லாம் திருத்தப்பட வேண்டியவை. ‘செய்குன்றுக் கோட்டை’ என்று எழுதியிருந்தால் ஓர் எழுத்தும் மாற வேண்டாம்.

இயற்கைத் திட்டையே சரிவு வெட்டிக் கூர்மையாக்கிக் கோட்டை வைத்த இடங்களும் உண்டு என்பதை மறைக்கவில்லை. அவற்றுக்குச் ‘செதுக்கிய குன்று’ என்று எழுதுகிறேன். இதைவிட நல்லது அகப்பட்டால் மாற்றிக்கொள்வேன்.

உச்சியில் இருந்த கோபுரத்தின் பெயர் ‘டான்ஜன்’. அது ஆள்பவரின் கோபுரம், பிரபு குடியிருந்த இடம். அந்தச் சொல்லும் ஆங்கிலத்தில் கீழிறங்கி நிலத்தடிச் சிறையாயிற்று. நான் படித்த கட்டுரையில், குன்றின் உச்சியில் பாதாளச் சிறை வானளாவ நின்றது.