ஜிபிஎஸ் உள்ள கமராவோட வெளிநாடு போறவைக்கு: எதுக்குப் பிரச்சினை வரும், எதுக்கு வராது

போன கிழமை நிலாவெளிப் பொடியன் ஒருத்தன் என்ர கடைக்கு வந்தவன். சீசனில சனத்தைத் திமிங்கிலம் பாக்கப் போட்டில கூட்டிக்கொண்டு போறவன், கையில ஒரு பழைய நிக்கொன் பி900 கமரா. அம்மாவுக்குச் சிதம்பரத்தில ஒரு நேத்தி இருக்காம், காங்கேசன்துறையில கப்பல் ஏறி நாகபட்டினம் போகப்போறாங்களாம். "அண்ணை, ஜிபிஎஸ் உள்ள கமரா கொண்டு போனா இந்தியாவில பிடிச்சு உள்ள போடுவாங்களாம், வட்ஸ்அப்பில வந்தது, மெய்யோ?" எண்டு கேட்டான். பாக்கைத் திற பாப்பம் எண்டன். திறந்தா கமராவுக்குப் பக்கத்தில தேப்பன்ட கடல் ஜிபிஎஸ் (கடலில வழி பாக்கிற கைக்கருவி), அதுக்குக் கீழ ஒரு சின்ன ட்ரோன். கமராவுக்குப் பயந்தவன் மற்ற ரெண்டையும் பற்றி மூச்சே விடேல்ல.

அவனுக்குச் சொன்னதைத்தான் இதில கொஞ்சம் விரிவா எழுதுறன், ஏனெண்டா இதே கேள்வியோட கனபேர் வருகினம், கிண்ணியாவில இருந்து உம்றாவுக்குப் போறவையும் கேட்டிருக்கினம், சாமான் எடுக்கச் சீனாவுக்குப் போறவையும் கேட்டிருக்கினம்.

முதல்ல ஒண்டை விளங்கிக்கொள்ள வேணும். கமராவுக்குள்ள இருக்கிற ஜிபிஎஸ் வெறும் காதுதான், வாய் இல்லை. 20,200 கிலோமீற்றர் உயரத்தில சுத்துற சாட்டலைட்டுகள் அனுப்புற சிக்னலைக் கேட்டு, தான் எங்க நிக்கிறன் எண்டு கணக்குப் போட்டு, படத்துக்குள்ள எழுதி வைக்கும், அவ்வளவுதான். ரேடியோவில செய்தி கேக்கிறவன் எந்த வீட்டில இருந்து கேக்கிறான் எண்டு ரேடியோ நிலையத்துக்குத் தெரியுமோ, தெரியாது, அது மாதிரி. ஆனா பலநாள் மீன்பிடிப் படகில பூட்டியிருக்கிற விஎம்எஸ் எண்ட கண்காணிப்புப் பெட்டி அப்பிடியில்லை, அது தான் நிக்கிற இடத்தை மேல அனுப்பும், கடற்றொழில் திணைக்களம் கரையில இருந்து படகைப் பாக்கும். டவர் இல்லாம நேரா சாட்டலைட்டோட கதைக்கிற சாட்டலைட் போனும் அந்தச் சாதிதான். கேக்கிறது மட்டும் செய்யிற சாமானும் அனுப்புற சாமானும் சட்டத்துக்கு முன்னால ஒண்டில்லை, வட்ஸ்அப் மெசேஜ் எழுதுறவங்கள் ரெண்டையும் போட்டுக் குழப்புறதாலதான் இவ்வளவு பயமும்.

இனி இந்தியாவுக்கு வருவம், எங்கட சனம் கூடப் போறது அங்கதானே. அங்க தடை சாட்டலைட் போனுக்கு. துராயா, இரிடியம் எண்ட ரெண்டு கம்பனிப் போனையும் பேர் சொல்லியே தடுத்திருக்கிறாங்கள், வேற சாட்டலைட் போன் எண்டாலும் தொலைத்தொடர்புத் திணைக்களத்திட அனுமதி முன்கூட்டியே எடுத்திருக்க வேணும். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தையும் 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டத்தையும் காட்டித்தான் வழக்குப் போட்டு வந்திருக்கிறாங்கள், பழைய சட்டம்தானே எண்டு நினைக்காதேங்கோ, ஆளைப் பிடிக்க அது காணும். இது இவ்வளவு இறுகினதுக்குக் காரணம் 2008 மும்பைத் தாக்குதல். வந்தவங்கள் கடலால வந்தவங்கள், நடுக்கடலில விட்டிட்டுப் போன குபேர் எண்ட மீன்பிடிப் படகில ஒரு சாட்டலைட் போனும் ஒரு கையில பிடிக்கிற ஜிபிஎஸ்ஸும் எடுத்தது. இதைத் தெரிஞ்சுகொண்டு யோசியுங்கோ, இலங்கையில இருந்து கப்பலால வாற ஒரு பொடியன்ட பாக்கில கடல் ஜிபிஎஸ் இருந்தா அதிகாரிக்கு என்ன ஞாபகம் வரும்?

2024 டிசம்பரில கோவா எயார்போர்ட்டில வெளிநாட்டுக்காரர் பிடிபட்ட கதை செய்தியில வந்தது. கார்மின் இன்ரீச் எண்டு ஒரு சாமான், மலையேறுறவை அவசரத்துக்கு வச்சிருப்பினம், உள்ளங்கைக்குள்ள அடங்கும், பாத்தா சாதாரண ஜிபிஎஸ் மாதிரி, ஆனா அது இரிடியம் சாட்டலைட்டால மெசேஜ் அனுப்பும், அதால சட்டத்தில அதுவும் சாட்டலைட் போன் கணக்குத்தான். கொண்டு வந்தவைக்கு இது தெரியாது, ஒளிச்சு வைக்கவும் இல்லை, ஸ்கேனர் தட்டில தாங்களாவே எடுத்து வச்சிருக்கினம், பிறகு பொலிஸ், நீதிமன்றம். 2025 தொடக்கத்தில டிஜிசிஏ எண்ட இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விமானக் கம்பனிகளைக் கூப்பிட்டு, பயணிகளுக்கு இதை முன்னமே சொல்லுங்கோ எண்டு அறிவிச்சது. இன்ரீச் மாதிரிச் சாமானைக் கனடாவில இருந்து வாற மச்சான்மார் சிலவேளை அன்பளிப்பாக் குடுத்திட்டுப் போவினம். இந்தியாவுக்குப் போகேக்க அதைத் தொடவே வேண்டாம். வைக்கிற இடம் கைப்பையோ பெரிய பெட்டியோ எண்டதில ஒரு வித்தியாசமும் இல்லை.

அப்ப தேப்பன்ட கடல் ஜிபிஎஸ்? அது அனுப்பாது, கேக்கிறது மட்டும்தான், நேர்ச்சட்டமாப் பாத்தா சாட்டலைட் போனும் இல்லை. ஆனா கவுண்டரில நிக்கிற ஆளுக்கு இன்ரீச்சும் அதுவும் ஒரே அச்சில வார்த்த மாதிரித்தான் தெரியும், ரெண்டிலயும் கார்மின் எண்டு எழுதியிருக்கும். எனக்கே ஒருக்கா நடந்தது, எந்த எயார்போர்ட் எண்டு சொல்லேல்ல, புறாமலைப் பக்கம் படம் எடுக்கப் போன பாக்கை அப்பிடியே தூக்கிக்கொண்டு போயிட்டன், ஓரப் பொக்கெற்றுக்குள்ள ஜிபிஎஸ் கிடந்தது எனக்கே தெரியாது. ஒருத்தர் பாத்தார், இன்னொருத்தரைக் கூப்பிட்டார், அவர் மேலாளைக் கூப்பிட்டார், இது மெசேஜ் அனுப்பாது ஐயா எண்டு நான் சொல்லச் சொல்ல அவையள் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டு நிக்கினம். முக்கால் மணித்தியாலத்தால விட்டாங்கள், சாமானையும் தந்தாங்கள், ஆனா அந்த முக்கால் மணித்தியாலம் எனக்கு ஒரு வருசம். கோயிலுக்குப் போற ஆளுக்குக் கடல் ஜிபிஎஸ் என்னத்துக்கு? வீட்டில வச்சிட்டுப் போங்கோ.

ட்ரோன் அதைவிட நேரான விசயம். 2022 பெப்ரவரி 9 தொடக்கம் இந்தியா வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்திருக்கு, முழுசாப் பூட்டினதும் சரி, கழட்டிக் கொண்டு வாறதும் சரி. சுற்றுலாவுக்குத்தான் எண்டு சொல்லி எடுபடாது, சுங்கம் எடுத்து வச்சிடும். சுங்கப் பிரகடனப் படிவத்திலயே சாட்டலைட் போன் இருக்கோ, ட்ரோன் இருக்கோ எண்டு தனித்தனியாக் கேள்வி இருக்கு, அதில இல்லை எண்டு போட்டிட்டு பாக்கில வச்சிருந்தா அது வேற குற்றம். கலியாணப் படம் எடுக்கிற எங்கட பொடியள் சென்னையில ஒரு ஓர்டர் வந்திட்டுது எண்டு ட்ரோனைத் தூக்கிக்கொண்டு ஓடுறதுக்கு முதல் இதை யோசிக்க வேணும், அங்கயே வாடகைக்கு ஆள் பிடிக்கலாம்.

இனிக் கமரா. பயப்பிடாம கொண்டு போங்கோ. அதுக்குள்ள ஜிபிஎஸ் இருக்கெண்டதுக்காக இந்தியாவில தடையில்லை, ஒவ்வொருத்தர் கையில இருக்கிற போனிலயும் அதே ஜிபிஎஸ்தானே இருக்கு. ஆனா உங்கட கமராவில உண்மையில ஜிபிஎஸ் இருக்கோ எண்டு முதல்ல பாருங்கோ, கனபேருக்கு அதுவே தெரியாது. கனொன் 6டி, 7டி மார்க் 2, நிக்கொன் டி5300, பி900, கோப்ரோவில ஹீரோ 5 பிளாக் இதுகளில உள்ளயே இருக்கு, கோப்ரோ ஹீரோ 12இல எடுத்திட்டு 13இல திரும்ப வச்சாங்கள். இப்ப வாற மிரர்லெஸ் கமராக்கள் கனக்கதில உள்ள இல்லை, புளூடூத்தால போனில இருந்து இடத்தை வாங்கிக்கொள்ளும். அப்பிடியெண்டா போனில அந்த அப்புக்குக் குடுத்த லொக்கேஷன் அனுமதியை நிப்பாட்டினாக் காணும்.

உள்ளுக்க ஜிபிஎஸ் உள்ளதில ஒரு கள்ளம் இருக்கு. கமராவை ஓஃப் பண்ணினா ஜிபிஎஸ்ஸும் ஓஃப் எண்டு நினைப்பம், அப்பிடியில்லை. கனொன் 6டியில ஜிபிஎஸ்ஸைப் போட்டு விட்டா, பவர் சுவிட்சை ஓஃப் பண்ணினாலும் அது இடைக்கிடை சிக்னல் எடுத்துக்கொண்டே இருக்கும், இரவு முழுப் பற்றரியோட படுத்தது விடியப் பாத்தா அரைவாசிதான் எண்டு எத்தினை பேர் என்னட்டைக் கொண்டு வந்தவை. 7டி மார்க் 2இல மோட் 1, மோட் 2 எண்டு ரெண்டு இருக்கு, மோட் 2 எண்டாத்தான் கமராவோட சேர்ந்து நிக்கும். அதால மெனுவுக்குள்ள போய் ஜிபிஎஸ்ஸை டிசேபிள் பண்ண வேணும், லொக் (log) எழுதுறது எண்டு ஒண்டு இருந்தா அதையும் நிப்பாட்ட வேணும். லொக் எண்டது நீங்கள் படம் எடுக்காட்டிலும் நடந்த பாதையைப் புள்ளி புள்ளியாப் பதியிறது. சில நாட்டில பிரச்சினையே அந்தப் பாதையாலதான் வரும்.

சீனா அப்பிடிப்பட்ட நாடு. அங்க அளவைக்கும் வரைபடத்துக்கும் எண்டு ஒரு தனிச்சட்டம் இருக்கு, 2017 ஜூலை 1இல திருத்தினது நடைமுறைக்கு வந்தது, வெளிநாட்டுக்காரர் அரசாங்க அனுமதியில்லாமலும் உள்ளூர் நிறுவனத்தோட சேராமலும் அந்த வேலை செய்யக்கூடாது. குவாங்சோவில சாமான் பாக்கிற கடைக்காரரை இதுக்காக ஒருத்தரும் பிடிக்கப்போறதில்லை, ஆனா எல்லைப்பக்கம், சிஞ்சியாங், திபெத் பக்கம் ஜிபிஎஸ் லொக்கரைப் போட்டுக்கொண்டு திரியிறது வீண் வேலை. அங்கத்தை வரைபடங்களும் வேற கணக்கு, ஜிசிஜே-02 எண்டு வேணுமெண்டே தள்ளி வச்ச முறை, அதால உங்கட கமரா எழுதின இடத்தைச் சீன மப்பில போட்டா சில நூறு மீற்றர் அங்கால போய் நிக்கும், கமரா பழுதெண்டு என்னட்டைக் கொண்டு வராதேங்கோ. பனசொனிக் பழைய ஜிபிஎஸ் கமராக்களிட புத்தகத்திலயே சீனாவிலயும் அதைச் சுத்தியுள்ள எல்லைப்பகுதிகளிலயும் ஜிபிஎஸ் வேலை செய்யாமப் போகலாம் எண்டு போட்டிருக்கும். கனொன் புத்தகத்திலயும் சில நாடுகளில ஜிபிஎஸ்ஸுக்குக் கட்டுப்பாடு இருக்கலாம், வெளிநாட்டில கவனம் எண்டு இருக்கு. ஆர் அந்தப் புத்தகத்தை வாசிக்கிறது.

மற்ற நாடுகள் எங்கட ஆக்கள் குறைவாப் போறது, கெதியாச் சொல்லிட்டுப் போறன். வடகொரியாவில ஜிபிஎஸ் உள்ள கமராவே சிக்கல். கியூபாவில தனி ஜிபிஎஸ்ஸும் சாட்டலைட் போனும் அனுமதியில்லாமப் போனா சுங்கத்தில நிண்டிடும். ரஷ்யாவில 1997இல ரொஸ்தோவ் பக்கம் போன் நெட்வேர்க் வேலைக்கு ஜிபிஎஸ்ஸால இடம் அளந்த ஒரு அமெரிக்க டெக்னீஷியனை உளவு எண்டு பிடிச்சவங்கள். எகிப்தில 2008இல ஐபோன் 3ஜியையே ஜிபிஎஸ் இல்லாமத்தான் வித்தவங்கள், அடுத்த வருசம் அந்தத் தடையை எடுத்திட்டாங்கள், ஆனா ட்ரோன் இப்பவும் ஆகாது. இப்பிடிச் சட்டம் மாறிக்கொண்டே இருக்கும், அதால ரிக்கற் போட முதல் அந்த நாட்டுத் தூதரகத்திட்ட ஒரு ஈமெயில் போட்டு, கமரா மொடலையும் சொல்லி, பதிலைப் பிரிண்ட் எடுத்து வச்சிருங்கோ. வாயால "ஓம் கொண்டு வரலாம்" எண்டு சொன்னதைக் கவுண்டரில காட்ட ஏலாது.

படம் எங்க எடுக்கிறீங்கள் எண்டதும் இதோட சேர்ந்ததுதான். திருமலையில இருக்கிற எங்களுக்கு இதை ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை, கோணேசர் கோயிலுக்குப் போறதெண்டாலே பிரட்ரிக் கோட்டை வாசலால, ஆமியைத் தாண்டித்தான் போறம், கமராவை எங்க தூக்கிறது எங்க தாழ்த்திறது எண்டு கைக்கே பழக்கம். அதே கையோட அங்கயும் போங்கோ. 2025 மே மாசத்தில இந்திய டிஜிசிஏ, பாதுகாப்புப் படையோட பங்குபோடுற எயார்போர்ட்டுகளில படம் எடுக்கக்கூடாது எண்டு திரும்பவும் சொல்லியிருக்கு. ஜிபிஎஸ் போட்டபடி எடுத்த படம் எண்டா அதுக்குள்ள 8.58 வடக்கு, 81.25 கிழக்கு எண்ட மாதிரி இடம் எழுதியிருக்கும், தசமத்துக்குப் பிறகு நாலு இலக்கம் இருந்தா பத்துப் பதினொரு மீற்றருக்குள்ள ஆளைக் காட்டும், நான் அங்க நிக்கேல்ல எண்டு சொல்ல வழியில்லை. வட்ஸ்அப்பில சும்மா படமா அனுப்பினா அந்த இடம் கழண்டிடும், டொக்கியுமென்டா அனுப்பினா அப்பிடியே போகும்.

இங்க வாற சொந்தங்களுக்கும் ஒண்டு சொல்லி விடுங்கோ. இலங்கைக்கும் ட்ரோன் கொண்டு வாறதெண்டா பாதுகாப்பு அமைச்சு அனுமதி வேணும், பறக்க விடுறதுக்குச் சிவில் விமான சேவை அதிகாரசபையில பதிவு வேணும், சாட்டலைட் போனுக்குத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு லைசன்ஸ் வேணும். கமராவுக்கு ஒண்டும் வேண்டாம்.

உங்கட விலைகூடின கமராவை இங்க இருந்து கொண்டு போகேக்க, வாங்கின பில் இருந்தா ஒரு கொப்பி வச்சிருங்கோ, போகேக்கயே இலங்கைச் சுங்கத்திட்ட காட்டிப் பதிஞ்சா இன்னும் நல்லம், இல்லாட்டித் திரும்பி வரேக்க அங்க வாங்கினதோ எண்டு கேப்பாங்கள். கூட வச்சிருக்கிற பற்றரியைக் கைப்பையில வையுங்கோ, பெரிய பெட்டியில விடமாட்டாங்கள்.

பொடியன்ட பாக்கில இருந்து ட்ரோனையும் ஜிபிஎஸ்ஸையும் எடுத்து மேசையில வச்சன். கமராவில லொக்கேஷன் மெனுவைத் திறந்தா, லொக் ஓடிக்கொண்டே இருக்கு, ஏழு மாசத்துக் கடல் பாதை அப்பிடியே கிடக்கு. அழிக்கட்டோ எண்டு கேட்டன். "அண்ணை பொறுங்கோ, அதில திமிங்கிலம் வந்த இடமெல்லாம் இருக்கு" எண்டு கார்ட்டைக் கழட்டிப் பொக்கெற்றுக்குள்ள வச்சான், புதுக் கார்ட் ஒண்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போனான்.