பணியாளர் கணினியில் 445 எதற்கு?

விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பி, 445 என்ற எண்ணுள்ள போர்ட் (கணினியின் நெட்வொர்க் வாசல்) வழியாக இயங்குகிறது. அதில் 2020 மார்ச்சில் வெளிவந்த சிவிஇ-2020-0796 என்ற பாதுகாப்பு ஓட்டை, அடிப்படையில் ஒரு கூட்டல் பிழை. சுருக்கப்பட்ட தரவு வரும்போது அதன் தலைப்பில் 32 பிட் எண்கள் இரண்டு இருக்கும்: விரித்தபின் அளவு எவ்வளவு, சுருக்கிய பகுதி எங்கே தொடங்குகிறது. இரண்டையும் கூட்டித்தான் சர்வர் நினைவகம் ஒதுக்கும். முதலாவது 4294967295, இரண்டாவது 16 என்று அனுப்பினால், 32 பிட்டுக்குள் அடங்காமல் விடை 15 ஆகிவிடும். 15 பைட் போதுமென்று எடுத்த இடத்தில் தரவு கொட்டி, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நினைவகத்தில் வழியும். கடவுச்சொல் கேட்கும் முன்பே இது நடந்துவிடுவதுதான் வினை.

மாட்டியவை விண்டோஸ் 10-இன் 1903, 1909 பதிப்புகளும் அதே எண்ணுள்ள சர்வர் பதிப்புகளும். இதைச் சரிசெய்யும் பேட்ச் (திருத்த அப்டேட்) கேபி4551762. பதிப்பைக் காட்டும் 'வின்வெர்' (winver) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்: பில்ட் எண் 18362.720 அல்லது 18363.720-க்குக் குறையக் கூடாது. பேட்ச் இறங்கியும் ரீஸ்டார்ட் செய்யாத கணினியில் பழைய டிரைவர்தான் ஓடிக்கொண்டிருக்கும். ரெஜிஸ்ட்ரியில் சுருக்கத்தை நிறுத்தும் தற்காலிக வழி சர்வர் பக்கத்தை மட்டுமே காக்கும். போலி சர்வரிடம் போய் இணையும் கணினியைக் காக்காது.

பேட்ச் மட்டும் போதாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் எஸ்எம்பியின் வேறொரு ஓட்டை வழியே 2017 மே 12-இல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான பேட்ச் வந்து இரண்டு மாதமாகியிருந்தது. அலுவலக நெட்வொர்க்கின் வெளி ஃபயர்வாலில் 445-ஐ உள்வரவுக்கும் வெளிச்செல்லவும் அடைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். உள்ளே ஒரு லேப்டாப்பிலிருந்து அடுத்ததற்கு வழி அகலத் திறந்திருக்கும். பணியாளர் கணினி யாருக்கும் கோப்பு சர்வர் அல்லவே! அதனால் ஒவ்வொரு பணியாளர் கணினியிலும் 445-இன் உள்வரவை அடைக்க வேண்டும்.

இங்கே பலர் சறுக்குவது அந்தக் கணினியின் விண்டோஸ் ஃபயர்வால் விதியில். 445-க்கு ஒரு 'பிளாக்' விதி, அட்மின் ஐபிக்குத் தனியாக ஒரு 'அலவ்' விதி என்று போடுவார்கள். விண்டோஸில் பிளாக்தான் வெல்லும். அட்மினும் வெளியே நிற்பார். ஏற்கெனவே இருக்கும் எஸ்எம்பி உள்வரவு 'அலவ்' விதியைத் திறந்து, 'ஸ்கோப்' பகுதியில் அட்மின் ஐபியை மட்டும் குறிப்பிடுங்கள். வேறு விதி எதுவும் 445-ஐத் திறக்காதவரை, மற்றவர்களை இயல்பு அமைப்பே தடுத்துவிடும்.

மறுநாளே "ஸ்கேன் வரவில்லை" என்று அழைப்பு வரும். ஸ்கேனர், பணியாளர் கணினியின் ஃபோல்டருக்கு நேரே எழுதிக்கொண்டிருந்திருக்கும். அதைக் கோப்பு சர்வருக்குத் திருப்பிவிடுங்கள். அதற்காக 445-ஐ மறுபடி எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள்.