தொங்குவதெல்லாம் சாண்ட்லியரா?

நேற்று பார்த்த படத்தில் ஒரு பெரிய கூடத்தின் சாண்ட்லியர் அறுந்து விழுந்தது. சிதறிய கண்ணாடி மணிகள் தரையெங்கும் உருண்டோடுகின்றன. திரையின் அடியில் ஓடிய தமிழ் மொழிபெயர்ப்பு வரி: 'தொங்கு விளக்கு விழுந்துவிட்டது.' அரை மணி நேரம் கழித்து ஒரு கிடங்கு. ஒற்றை வயரில் ஆடும் குண்டு பல்பு. அதுவும் தொங்கு விளக்குதானாம்.

சாண்ட்லியர் என்ற சொல்லின் வேரைச் சட்டென்று பார்த்துவிடலாம். லத்தீனில் 'கண்டேலா' என்றால் மெழுகுவத்தி. பிரெஞ்சில் அது 'ஷாந்தெல்'. அதைத் தாங்குவது 'ஷாந்தெலியே'. கூரையில் மாட்டும் விளக்குக்கு ஆங்கிலம் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டது 18ஆம் நூற்றாண்டில். ஆக, மூலத்தில் தொங்கலே கிடையாது.

லாந்தரும்தான் தொங்குகிறது. ஒரே தண்டிலிருந்து பல கைகள் பிரிந்து, கைக்கொரு சுடர் ஏந்தினால்தான் அது சாண்ட்லியர். அதற்குத்தான் சரவிளக்கு என்ற அழகான சொல் ஏற்கெனவே புழங்குகிறதே! 'சரம் வடசொல்' என்று முகம் சுளிப்பவர்கள் பூச்சரத்தை என்னவென்று சொல்வார்களோ தெரியாது. 'சீரியல் பல்போடு குழம்பும்' என்கிறார்கள். குழம்பாது, அது விளக்குச் சரம், இது சரவிளக்கு. முன்பின் மாறினால் பொருள் மாறுவது தமிழில் புதிதா என்ன?

நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. எல்லாச் சாண்ட்லியரிலும் சரம் இருந்ததில்லை. யான் வான் ஐக் 1434இல் வரைந்த அர்னோல்பினி தம்பதி ஓவியத்தில் தலைக்கு மேலே இருப்பது வெறும் பித்தளைக் கைகள். அதிலும் ஒரே ஒரு மெழுகுவத்திதான் எரிகிறது. 1670களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் ஈயம் கலந்த கண்ணாடி செய்தார். பட்டை தீட்ட எளிது, ஒளியை நன்றாக முறிக்கும். அதன் பிறகுதான் ஒரு சுடரைப் பத்தாகக் காட்டும் கண்ணாடித் துளிகள் பெருகின. வெனிஸ் பக்கத்து முரானோவிலோ துளிகளுக்குப் பதில் கண்ணாடிப் பூக்கள். அந்த வகைக்கு அங்கே 'சோக்கா' என்று பெயர், அதாவது கொத்து. சரி, சரமில்லாத இவற்றைக் கொத்துவிளக்கு என்போம். எனக்கு அதில் வழக்கே இல்லை. தொங்கு விளக்கு மட்டும் வேண்டாம்.

இதைவிடப் பெரிய கூத்து பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் செய்வது. அங்கே இன்றும் 'ஷாந்தெலியே' என்றால் மேசைமேல் வைக்கிற மெழுகுவத்தித் தாங்கி; கூரையில் மாட்டுவது 'லுஸ்த்ர்'. ஆங்கிலப் பழக்கத்தில் அப்படியே பெயர்த்துவிடுகிறார்கள். அப்புறம் என்ன, கதாநாயகி நள்ளிரவில் சரவிளக்கை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள்.