கவரிங் லெட்டர்: ‘உறைக் கடிதம்’ என்று எழுதுவதை நிறுத்துவோம்

கொழும்பில் வேலை தேடுவோருக்காக மும்மொழியிலும் அச்சாகும் வழிகாட்டிகளில், தமிழ்ப் பக்கத்தில் ‘உறைக் கடிதம்’ என்ற சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அது பிழையான சொல். பிழை சொல்லோடு நின்றுவிடாமல், அதை நம்பி எழுதும் இளைஞரின் கடிதத்தையும் கெடுக்கிறது.

சுயவிபரக் கோவைக்கு மேலே வைத்து அனுப்பும் ஒரு பக்கக் கடிதத்தையே ஆங்கிலத்தில் கவரிங் லெட்டர் என்கிறார்கள். அமெரிக்கர் கவர் லெட்டர் என்பர், பொருள் ஒன்றுதான். ‘கவர்’ லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூடுதல் என்று பொருள். இணைத்த தாள்களுக்கு மேலே நின்று, என்ன அனுப்பியிருக்கிறோம், எதற்காக என்று சொல்வதே அக்கடிதத்தின் வேலை.

ஆங்கிலத்தில் கடித உறைக்கும் ‘கவர்’ என்ற பெயர் உண்டு. முத்திரை சேகரிப்போர் ‘முதல் நாள் உறை’ என்கிறார்களே, அங்கே உறை சரியான சொல். கையில் இருப்பது உறையேதான். வேலை விண்ணப்பத்தில் கதை வேறு. அரச வேலை அறிவித்தல் எதையாவது எடுத்துப் பாருங்கள்: ‘கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரைக் குறிப்பிடுக’ என்று இருக்கும். இதை வாசித்துப் பழகியவரிடம் ‘உறைக் கடிதம் இணைக்கவும்’ என்றால் அவர் எதை நினைப்பார்? உறைக்குள் போகும் எல்லாமே உறைக் கடிதந்தான். போதாததற்குச் சிலர் றகரத்தைத் தவறவிட்டு ‘உரைக் கடிதம்’ என்றும் எழுதுகிறார்கள். அது இன்னொரு பொருளைக் கிளப்பிவிடுகிறது.

‘கவர் கடிதம்’ என்று பாதி தமிழாக்கியவர்கள் ஒரு நியாயம் சொல்கிறார்கள்: கவர் தமிழ் வினையடியும்தானே, ஊறுகாய் போல வினைத்தொகையாகக் கொண்டால் ‘கவரும் கடிதம்’ என்று பொருள் வருமே என்று. இலக்கணம் இடம் கொடுக்கிறது, பொருள் இடம் கொடுக்கவில்லை. கவர்வதற்கென்று எழுதிய கடிதத்தில் ‘கடின உழைப்பாளி, நேர்மையானவன், குழுவாக இயங்கக்கூடியவன்’ என்ற அடைமொழிகள்தான் நிரம்பும். தேர்வாளருக்கு வேண்டியது சான்று. பேச்சில் கவரிங் லெட்டர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எழுத்தில் இந்த அரைகுறைச் சேர்க்கை வேண்டாம்.

‘அறிமுகக் கடிதம்’ இன்னொருவர் உங்களை அறிமுகப்படுத்தித் தருவது; அந்தப் பொருளில் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. ‘விண்ணப்பக் கடிதம்’தான் இவற்றுள் அதிக சேதம் விளைவிப்பது. பாடசாலையில் அந்தப் பெயரில் பழகிய கடிதத்தில் பெயர், பிறந்த திகதி, சாதாரண தரம், உயர்தரம் எல்லாம் வரிசையாக வரும். அதே பழக்கத்தில் சுயவிபரக் கோவையை இரண்டாம் முறை வசனமாக எழுதிவிடுகிறார்கள். ‘எனது பெயர்… நான் …இல் கல்வி கற்றேன்’ என்று தொடங்கும் கடிதத்தில் முதல் பந்தி முழுக்க வீண்.

நான் கொள்ளும் சொல் ‘முகப்புக் கடிதம்’. வீட்டு முகப்பு, கோயில் முகப்பு என்று நாம் அன்றாடம் சொல்லும் சொல், விளக்கம் தேவையில்லை. நூலுக்கு முகவுரை எப்படியோ, கோவைக்கு இக்கடிதம் அப்படி. முகவுரையில் யாரும் நூலை மறுபடி எழுதுவதில்லை, ஏன் வாசிக்கவேண்டும் என்றுதான் சொல்வார்கள். மின்னஞ்சலுக்கும் இச்சொல் பொருந்தும். அங்கே உறையும் இல்லை, மூடுவதும் இல்லை, முகப்பு மட்டும் உண்டு.

இந்தப் பொருளை மனதில் வைத்தால் எழுதும் முறையும் தெளிவாகும். ஒரு பக்கம், மூன்று அல்லது நான்கு பந்தி. தலைப்பில் பதவியின் பெயரும் விளம்பரத்தின் தொடர்பிலக்கமும். முதல் பந்தியிலேயே, விளம்பரத்தில் கேட்ட தகைமைகளுள் முதன்மையானதற்குப் பதில் வரவேண்டும்: ‘இருப்புக் கணக்கில் அனுபவம் கேட்டிருக்கிறீர்கள். புறக்கோட்டையில் மொத்த விற்பனை நிலையமொன்றில் இரண்டு ஆண்டுகளாக மாதாந்த இருப்புக் கணக்கெடுப்பை நானே செய்துவருகிறேன்.’ அடுத்த பந்தியில் செய்த வேலை ஒன்றிரண்டு, இலக்கத்தோடு. பிறகு ஏன் இந்த நிறுவனம் என்று இரண்டு வரி. நிறுவனத்தின் பெயரை மாற்றினாலும் அந்த வரிகள் பொருந்துமானால், அவற்றை அழித்து வேறு எழுதுங்கள். கடைசியில், எப்போது வேலையில் சேரலாம், இப்போதைய இடத்தில் எவ்வளவு முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும் என்பவை.

மின்னஞ்சலில் ‘இத்துடன் சுயவிபரக் கோவையை இணைத்துள்ளேன்’ என்ற ஒற்றை வரியோடு முடிப்பவர்கள் பலர். இணைப்பைச் சுட்டுவது பழைய அலுவலகக் கடிதத்தின் வேலை. இன்று அது மட்டும் போதாது. பழைய கடிதத்தைத் திருத்தி அனுப்புகையில் முந்திய நிறுவனத்தின் பெயர் தங்கிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அப்படி ஒரு கடிதம் போனால் மிச்சத்தை யாரும் வாசிக்கமாட்டார்கள்.

கொழும்புத் தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் ஆங்கிலக் கடிதமே கேட்கின்றன, தமிழ்ப் பெயர் எதற்கு என்று கேட்கலாம். தமிழ்மொழி மூலம் படித்தவர் எழுதும் முறையைத் தமிழில்தான் கற்கிறார். 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. அப்படியிருந்தும் மும்மொழி ஆவணங்களில் தமிழ்ப் பந்தியைக் கடைசி நேரத்தில், அகராதியில் கிடைத்த முதல் பொருளை ஒட்டி நிரப்பும் வழக்கம் போகவில்லை. மொழிபெயர்ப்பவர் அந்தக் கடிதத்தை ஒருமுறை எழுதிப் பார்த்திருந்தால் ‘உறை’ அவர் கைக்கு வந்திருக்காது.

ஒரு வேறுபாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அரச சேவையில் உள்ளவர் திணைக்களத் தலைவர் ஊடாக விண்ணப்பிக்கும்போது, தெரிவானால் இவரை விடுவிக்கலாம் என்று தலைவர் எழுதி மேலனுப்புவதையும் அலுவலகங்களில் கவரிங் லெட்டர் என்கிறார்கள். அது விண்ணப்பதாரியின் குரல் அல்ல. அதற்கு ‘மேலனுப்புக் கடிதம்’ என்பதே பொருத்தம். இரண்டையும் எழுதும்போது ககர ஒற்றை விட்டுவிடாதீர்கள்: முகப்புக் கடிதம், மேலனுப்புக் கடிதம்.